கொல்லையில் ஒரு செண்பகம்

புதிதாக வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள் முதலில் வாங்கும் செடி எது என்பதை அறிய, ஊரப்பாக்கத்துத் தெருக்களில் ஒரு முறை நடந்து வந்தால் போதும். வாசலின் இரு பக்கமும் இரண்டு குரோட்டன்ஸ். மதிலோரம் ஒரு போகன்வில்லா. மாடிப்படியின் அடியில் தொட்டிக்குள் ஒரு குட்டைப் பனை. இவை எல்லாம் கண்ணுக்கு அழகுதான்; யாதொரு குற்றமும் சொல்வதற்கில்லை. ஆனால் மாலை வேளையில் திண்ணையிலோ வராந்தாவிலோ உட்கார்ந்தால், இவற்றில் ஒன்றேனும் "நான் இருக்கிறேன்" என்று சொல்லுமா? மணமில்லாத தோட்டம் ஊமைத் தோட்டம் என்பது நமது அபிப்பிராயம்.

சமீப காலத்தில் இன்னொரு ஆசையும் நம் குடும்பங்களில் தலை காட்டியிருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள், பங்குனி, சித்திரை மாதங்களில் படங்கள் அனுப்புகிறார்கள். இலை ஒன்று கூட இல்லாத கிளைகள். அவற்றின் மேல் கிண்ணம் கிண்ணமாக வெண்மையும் இளஞ்சிவப்புமான புஷ்பங்கள். "இது மாக்னோலியா, இங்கே வசந்தம் வந்துவிட்டது" என்று கீழே ஒரு வரி. அதைப் பார்த்த தாய்மார்கள், "இந்த மரம் நம் ஊரில் வளராதா?" என்று நாற்றுப் பண்ணைகளில் விசாரிக்கிறார்கள்.

இக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. அந்த மரம் இங்கே வளராது. ஆனால் அதன் உடன்பிறந்தாள் நம் நாட்டிலேயே பிறந்து, நம் கூந்தலிலும் கோயிலிலும் இரண்டாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறாள். அவள் பெயர் செண்பகம்.

அந்நிய மரமும் நம் மரமும்

படத்தில் காணும் வசந்த கால மாக்னோலியாவின் வரலாறு சுவையானது. பாரிஸ் நகருக்கு அருகே பிரொமோன் என்னுமிடத்தில் தோட்டம் வைத்திருந்த சூலான்ஜ்-போதான் என்பவர், 1820-ஆம் ஆண்டில் சீன தேசத்து மாக்னோலியா இனங்கள் இரண்டைக் கலந்து ஒரு புது வகையை உண்டாக்கினார். 1826-இல் அது முதல் முறை பூத்தது. இன்று குளிர் தேசத்து வீதிகளில் வசந்தத்தை அறிவிப்பது பெரும்பாலும் அதன் சந்ததியே. அந்த மரத்தின் மொட்டுகள் ஆவணி, புரட்டாசியிலேயே உருவாகிவிடுகின்றன. பிறகு பல வாரங்கள் நீடிக்கும் கடுங்குளிரில் அவை உறங்கவேண்டும். உறங்கினால்தான் விழிக்கும். நமது மார்கழிக் குளிரை நாம் எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும், அந்த மரத்துக்கு அது போதாது. ஆகவே ஊரப்பாக்கத்தில் அதை நட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

செண்பகமோ அதே குலத்தைச் சேர்ந்தது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-இல் தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டியபோது, இதை 'மிக்கேலியா சம்பகா' என்று தனியாக ஒரு பிரிவில் வைத்தார். மாக்னோலியாவின் மலர் கிளையின் நுனியில் தோன்றும். செண்பகம் இலைக்கக்கத்தில் தோன்றும். இந்த வேற்றுமையைப் பெரிதாக எண்ணியே சாஸ்திரிகள் நெடுங்காலம் இரண்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். பிற்கால ஆராய்ச்சியில் இரண்டும் ஒரே குலம் என்று முடிவாகி, இன்று நூல்களில் செண்பகத்தின் பெயர் 'மாக்னோலியா சம்பகா' என்றே வழங்குகிறது.

இப்பெயரில் முற்பாதி பிரான்ஸ் தேசத்து மோன்பெலியே நகரின் தாவர அறிஞர் மாக்னோல் என்பவரைக் குறிக்கிறது. பிற்பாதி முழுக்க நம்முடையது. 1678-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சேறத் தொடங்கிய 'ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்' என்னும் பெருநூலின் முதற் பாகத்திலேயே 'சம்பகம்' படத்துடன் இடம் பெற்றிருக்கிறது. மலையாள நாட்டு வைத்தியர்கள் சொல்லக் கேட்டு எழுதப்பட்ட நூல் அது. அவர்களுள் இட்டி அச்சுதன் என்பவரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அங்கே வழங்கிய பெயரையே லின்னேயஸ் எடுத்தாண்டார். உலகத்தார் லத்தீன் என்று எண்ணி உச்சரிப்பது நம் பாட்டிமார் பூக்காரியிடம் கேட்ட சொல்லே என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகாமற் போகுமா?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொன்ன மலர்களுள் சண்பகமும் ஒன்று. கும்பகோணத்தை அடுத்த திருநாகேச்சுரத்தில் ஸ்தல விருக்ஷம் செண்பகம். அங்குள்ள இறைவனுக்கே செண்பகாரண்யேசுவரர் என்று பெயர். மன்னார்குடியின் புராணப் பெயரும் செண்பகாரண்யம். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவியை அறியாதவர் இல்லை. மைசூர் இராஜ்யத்தைச் சேர்ந்திருந்த பிளிகிரி ரங்கன் மலையில் சோலிகர் என்னும் மலைமக்கள் ஒரு மிகப் பெரிய செண்பக மரத்தை 'தொட்ட சம்பிகே' என்று தெய்வமாகவே வணங்குகிறார்கள். இவ்வளவும் போக, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக் காடுகளில் வெண்ணிறமாகப் பூக்கும் காட்டுச் செண்பகமும் ஒரு மாக்னோலியாவே. நீலகிரியின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

பெயரில் ஒரு குழப்பம்

நிற்க. நாற்றுப் பண்ணைக்குப் போகுமுன் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நம் கடைத் தெருவில் மாலை தொடுக்கும் சம்பங்கி வேறு, செண்பகம் வேறு. சம்பங்கி என்பது கிழங்கிலிருந்து முளைக்கும் சிறு செடி; மெக்சிகோ தேசத்திலிருந்து வந்தது. கன்னடத்தில் 'சம்பிகே' என்றால் நமது செண்பகம். பெங்களூரில் மல்லேசுவரத்துச் சம்பிகே ரஸ்தா இம்மரத்தின் பெயரைத் தாங்கியதே. வடக்கே 'சம்பா' என்று கேட்டால், கள்ளி போல் பால் வடியும் ஈழத்தலரியை எடுத்து நீட்டினாலும் நீட்டுவார்கள். அதுவும் அமெரிக்கக் கண்டத்து மரமே. அதற்குச் சாஸ்திரப் பெயர் பிளுமேரியா. பிளூமியே என்ற பாதிரியாரின் ஞாபகமாக வைத்தது. அந்தப் பிளூமியேதான் 1703-இல் 'மாக்னோலியா' என்ற பெயரை முதன் முதலில் சூட்டியவர் என்பது வேடிக்கை அல்லவா? போதாக்குறைக்குச் செம்போத்துப் பறவையையும் நம் ஜனங்கள் செண்பகம் என்றே அழைக்கிறார்கள்!

எனவே வாங்கும்போது இலையைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு சாண் நீளமாக, நுனி கூர்ந்து, மேற்புறம் பளபளப்பாக, விளிம்பு வெட்டின்றி இருக்கும். கிளையில் இலை உதிர்ந்த இடந்தோறும் மோதிரம் போல் ஒரு வளையத் தழும்பு காணும். அதுவே மாக்னோலியா குலத்தின் முத்திரை. பொன்மஞ்சளாகவும், கிச்சிலி நிறமாகவும் பூப்பது நாட்டுச் செண்பகம். வெள்ளைச் செண்பகம் என்று விற்பது ஒரு கலப்பினம்; அதன் இதழ் மெல்லியது, மணமும் சற்று மென்மையானது. அதில் விதை பிடிப்பது அரிது. ஆகவே ஒட்டு அல்லது பதியன் செடியாகவே கிடைக்கும்.

ஊரப்பாக்கத்து மண்

செண்பகத்தின் பிறப்பிடம் மழை வளமுள்ள மலைச்சாரல். ஆழ்ந்த மண், இலைமக்கு நிறைந்த மண், தண்ணீர் வந்து போகும் மண், இலேசாகப் புளிப்புத் தன்மையுள்ள மண் – இவற்றில் அது செழிக்கும். தண்ணீர் தேங்கினால் அதன் சதைப்பற்றான வேர்கள் அழுகிவிடும்.

பல்லாவரம் முதல் வண்டலூர் வரையிலும் அதற்கப்பாலும் நம் பிரதேசத்தின் அடியில் கிடப்பது சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. மேட்டு நிலங்களில் அதன்மேல் செம்மண்ணும் சரளையும் மெல்லிய போர்வையாக இருக்கின்றன. தாழ்ந்த இடங்களிலோ ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த களிமண். இன்று மனையாக மாறியிருப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டில் ஒன்று. மேட்டில் வேர் இறங்க ஆழம் போதாது. பள்ளத்தில் நீர் வடிய வழி போதாது. செண்பகம் வைத்து நான்கு வருஷத்தில் பட்டுப்போயிற்று என்று சொல்லுகிறவர்களின் மனையை ஆராய்ந்தால், இவ்விரண்டில் ஒரு காரணம் அகப்படும்.

மூன்றாவது காரணமும் உண்டு. அது நாமே உண்டாக்குவது. வீடு கட்டும்போது சிமெண்டுக் கலவையும், சுண்ணாம்பும், உடைந்த செங்கல்லும் கொல்லையிலேயே புதைக்கப்படுகின்றன. அவை மண்ணைக் கார மண்ணாக்கிவிடும். அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. இலை நரம்பு பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வெளுத்துப் போகும். இதற்கு மருந்து தெளிப்பதைக் காட்டிலும், முதலிலேயே குப்பையை வாரிக் கொட்டுவது புத்திசாலித்தனம்.

கோவளம், மாமல்லபுரம் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்று நேராக வீசும் மணல் மனைகளில் செண்பகத்தின் இலை ஓரம் கருகும். அங்கே கடலைப் பார்த்த பக்கம் புன்னையை நட்டு, அது வளர்ந்து நிழலும் தடுப்பும் தந்த பிறகு, வீட்டுக்குப் பின்புறத்தில் செண்பகத்தை முயன்று பார்க்கலாம்.

விதையா, ஒட்டா?

செண்பகக் காய்கள் கொத்தாகத் தொங்கும். முற்றியதும் ஒவ்வொன்றும் வெடித்து, உள்ளே செக்கச் செவேலென்ற சதை மூடிய விதைகள் தெரியும். பறவைகள் வந்து கொத்திப் போகுமுன் அவற்றைச் சேகரிக்கவேண்டும். சதையைச் சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, அந்த வாரத்திலேயே விதைத்துவிட வேண்டும். இது எண்ணெய்ப் பசையுள்ள விதை. டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டுக்கு வைத்தால் முளைக்காது. முளைத்த கன்று பூப்பதற்கு 7 அல்லது 10 ஆண்டுகள் ஆகலாம். சில வேளைகளில் அதற்கு மேலும் செல்லும். ஆனால் அப்படி வளரும் மரம் ஓங்கி உயர்ந்து, தலைமுறைகளைப் பார்க்கும்.

நாட்டுச் செண்பகக் கன்றின்மேல், பூக்கிற மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டிய செடி 2 அல்லது 3 ஆண்டுகளில் பூத்துவிடும். அது அவ்வளவு உயரம் போவதுமில்லை. அரைக் கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைக்காரர்களுக்கு ஒட்டுச் செடியே ஏற்றது. வாங்கும்போது ஒட்டுப் போட்ட இடம் நன்றாகக் கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். பையினுள் வேர் சுருண்டு சுருண்டு வளர்ந்துவிட்ட நெட்டைச் செடியை விட, முழங்கால் உயரத்துச் சிறு செடி மேலானது. நட்ட பிறகு ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் துளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிட வேண்டும். அவை அடிமரத்தின் பிள்ளைகள். விட்டால் மேலிருப்பதை அடக்கிவிடும்.

பள்ளியும் பாடசாலையும் இடம் அகன்ற வீடும் உள்ளவர்கள் விதைக் கன்றையே நடட்டும் என்பது நமது விண்ணப்பம். எல்லோரும் அவசரப்பட்டால், நூறு வருஷத்து மரத்தை நம் பேரர்கள் எங்கே காண்பது?

குழியும் நடுதலும்

வீட்டுச் சுவரிலிருந்து ஒட்டுச் செடிக்கு 10 அடியும், விதைக் கன்றுக்கு 20 அடியுமாவது இடம் விடுக. காலை வெயில் படுவதும், மாலை வெயிலுக்குச் சற்று மறைவு உள்ளதுமான இடம் உத்தமம்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடியாகக் குழி வெட்டி, ஒரு வாரம் வெயில் காய விடவேண்டும். பிறகு குழி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விடிவதற்குள் வடிந்துவிட்டால் நல்லது. மறுநாளும் நின்றால், அந்த இடத்தில் குழிக்குள் நடாமல், தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரமும் 5 அடி அகலமுமாக மண் மேடு அமைத்து அதன்மேல் நடுக. செம்மண் 2 பங்கு, மக்கிய சாணி எரு 1 பங்கு, மணலோ மக்கிய தென்னைநார்க் கழிவோ 1 பங்கு; இவற்றுடன் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு. பச்சைச் சாணியைப் போடாதீர்கள். அதன் சூட்டில் வேர் வெந்துபோகும்.

நடுவதற்கு ஆடி, ஆவணி மாதங்கள் சிறந்தவை. வெயில் தணிந்திருக்கும், இடையிடையே மழை கிடைக்கும், ஐப்பசியில் பெருமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். பையைக் கத்தியால் கிழித்து, மண் கட்டி உடையாமல் இறக்கவேண்டும். செண்பக வேர் மிகவும் சுணைக்கும். ஒரு முறை வைத்ததைப் பிடுங்கி வேறிடம் வைப்பது என்ற பேச்சே கூடாது. ஒட்டுப் போட்ட இடம் தரைக்கு அரை அடியாவது மேலே நிற்கட்டும். பக்கத்தில் ஒரு கழி நட்டு, தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

தண்ணீரும் வெயிலும்

முதல் இரண்டு கோடைகளைத் தாண்டிவிட்டால் செண்பகத்துக்கு அபாயம் குறைவு. கத்திரி வெயிலில் இளஞ்செடியின் மேற்குப் புறம் இரண்டு தென்னங்கீற்றைச் சாய்த்து நிழல் கட்டுங்கள். அடியில் நான்கு விரற்கடை கனத்துக்குச் சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் சருகு படாமல் இடம் விடவேண்டும். தெருவில் குவித்துக் கொளுத்தும் சருகெல்லாம் செண்பகத்துக்கு விருந்து.

கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குடம் தண்ணீர். மற்றக் காலத்தில் வாரம் இருமுறை. அரிசி களைந்த கழுநீர் தாராளமாக ஊற்றலாம். சோப்புக் கலந்த நீர் ஆகாது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்புக் கரித்தால், இலை நுனி காய்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். அப்போது சேமித்த மழை நீரே கதி. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சட்டத்துக்குப் பயந்து குழாய் மட்டும் வைத்துவிட்டு, குழியை மூடிக் கார் நிறுத்துகிறவர்கள் இதைச் சற்றுச் சிந்திக்கவேண்டும்.

வண்டும் பாம்பும்

செண்பகத்தைச் சுற்றி இரண்டு பழம் பேச்சுகள் உண்டு. ஒன்று, அதை வண்டு தீண்டாது என்பது. 'வண்டுணா மலர்' என்றே அதற்குப் பெயர் வழங்கியது. தேன் தேடும் வண்டினம் இம்மலரில் மொய்க்காததைக் கூர்ந்து கண்டே முன்னோர் இப்படிச் சொல்லியிருக்கவேண்டும். காரணம் இன்று விளங்குகிறது. உலகில் தேனீக்கள் பெருகுமுன்பே தோன்றிய குலம் இது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளில் இதை ஒத்த மலர்களின் சுவடுகள் அகப்பட்டிருக்கின்றன. இக்குலத்து மலர்கள் நம்பியிருப்பது தேனீயை அல்ல. மகரந்தத்தைத் தின்ன வரும், ஓடு மூடிய சிறு பொறிவண்டுகளை. அவை தின்றது போக, மேனியில் ஒட்டியதை அடுத்த மலருக்குச் சுமந்து செல்கின்றன.

மற்றொன்று, செண்பக வாசனைக்குப் பாம்பு வரும் என்ற அச்சம். பாம்பு மலரை நாடி வருவதில்லை; எலியையும் தவளையையும் நாடியே வருகிறது. மரத்தடியில் செங்கல்லும் விறகும் குவித்து வைத்தால், பூவாத மரத்தடிக்கும் அது வரும். இந்தப் பயத்தினால் எத்தனையோ கொல்லைகளில் செண்பகம் வெட்டுண்டிருக்கிறது. பெரியவர்களோடு வாதாடாமல், அடியைத் துப்புரவாக வைத்துக் காட்டுவதே தக்க பதில்.

இலைகளில் எப்போதாவது பருத்த பச்சைப் புழுக்கள் தோன்றும். உடனே மருந்தை எடுக்கவேண்டாம். கரிய சிறகில் பச்சைப் புள்ளிகள் தெளித்தாற்போல் விரைந்து பறக்கும் ஓர் அழகிய பட்டாம்பூச்சியின் குழந்தைகள் அவை. நாலு இலையை அவை தின்றால் மரம் மெலிந்துவிடாது. வீட்டுக் குழந்தைகளுக்குப் புழு கூட்டுப்புழுவாகிப் பறப்பதைக் காட்ட இதை விடச் சிறந்த பாடம் கிடைக்காது. செதில் பூச்சி தண்டில் படிந்தால் மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம்.

மலர்

சித்திரையில் தொடங்கி மழைக்காலம் வரை செண்பகம் அலை அலையாகப் பூக்கும். அந்தி வேளையில் மொட்டு நெகிழத் தொடங்கும்; இரவு முழுதும் மணம் பரவும். விடியற்காலத்தில் பறித்தால் நாள் முழுதும் நிற்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் ஊற்றி இரண்டு மலர் மிதக்க விட்டால் ஒரு கூடத்துக்குப் போதும். தலையில் ஒன்று வைத்தாலே தெருக்கோடி வரை தெரியும். பருவம் முடிந்தபின் நீண்ட கிளைகளை இலேசாகக் கத்தரித்துவிட்டால், புதுத் துளிர்களில் மறுபடியும் மொட்டு வரும்.

இடம் விடுவோமா?

செண்பகம் கேட்பதெல்லாம் திறந்த மண். அதுவே இன்று ஊரப்பாக்கத்தில் கிடைத்தற்கரிய பொருளாகி வருகிறது. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. ஜனங்கள் பெருகுகிறார்கள், வீடுகள் எழும்புகின்றன. மதிலிலிருந்து மதில் வரை சிமெண்டும் ஓடும் பாவுவதே சுத்தம் என்று எண்ணம் வேரூன்றிவிட்டது. வானம் கொட்டும் நீருக்கு உள்ளே இறங்க வழியில்லை. 2015-ஆம் வருஷத்துப் பெருமழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் தென்பகுதிப் புறநகர்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. சீக்கிரம் வளரும், சீக்கிரம் பூக்கும் என்று நகரெங்கும் நட்ட அந்நிய மரங்கள் வேரோடு பெயர்ந்து வீதியை அடைத்துக் கிடந்தன. பொறுமையாக வளர்ந்து ஆழ வேரூன்றும் நம் நாட்டு மரங்களின் அருமை அன்று பலருக்கும் விளங்கிற்று. செண்பகம் புயலுக்கு முற்றிலும் அசையாதது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆழ்ந்த மண்ணும் முறையான கவனிப்பும் கிடைத்தால் அது வேர் பிடித்து நிற்கும். அந்த ஆழ்ந்த மண்ணை அதற்கு விட்டுவைக்கிறோமா என்பதே கேள்வி.

ஆகவே வீட்டு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் குடும்பத்தினருக்கு நாம் சொல்வது ஒன்றே. சமையலறைக்கு எத்தனை அடி, காருக்கு எத்தனை அடி என்று கணக்கிடும்போது, பின்புறத்தில் ஐந்தடிச் சதுரம் மண்ணை மண்ணாகவே விட்டுவையுங்கள். வருகிற ஆடியில் அங்கே ஒரு செண்பகக் கன்றை வையுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையை வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தையிடம் ஒப்படையுங்கள். கன்றும் குழந்தையும் சேர்ந்து வளரட்டும். அதன் பிறகு வெளிநாட்டிலிருந்து மாக்னோலியாப் படம் வரும்போது, நீங்களும் பதிலுக்கு ஒரு படம் அனுப்பலாம். மணத்தை மட்டும் அனுப்ப முடியாது. அதற்காக அவர்கள் ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும்.